மலையடி வட்டத்துக்கு வண்டி

டவுன் பஸ்ஸின் நெற்றியில் நெல்லிமரத்தூர் என்று எழுதியிருக்கும். பஸ் அங்கேயே திரும்பிவிடும். பஞ்சாயத்து ஆபீஸ், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், இரண்டு டீக்கடை எல்லாம் அந்த ஊரில்தான். ஆனால் பஞ்சாயத்து அதோடு முடிவதில்லை. ஏரிக்கரையைப் பிடித்துப் போனால் ஏரிக்கொல்லை வரும். அதைத் தாண்டினால் சாமந்திமேடு. சாமந்திமேட்டுக்கு அப்பால் ஒரு ஓடை, ஓடைக்கு மேல் கைப்பிடி உடைந்த சின்னப் பாலம், பிறகு ஜல்லி பெயர்ந்த பாதை. அந்தப் பாதை போய் முடிகிற இடம் மலையடி வட்டம். முப்பது வீடு, ஓடு வேய்ந்த ஒரு சர்ச். அதற்கப்புறம் காப்புக்காடு.

மலையடி வட்டத்துக்கு யாரும் தற்செயலாக வருவதில்லை. காஸ் சிலிண்டர் வண்டி நெல்லிமரத்தூரிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். மளிகைக்காரன் சாமந்திமேடு வரை வருவான். அந்த ஊருக்குள் தினமும் வந்து போன ஒரே வண்டி, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியின் வெள்ளை நிற வேன்தான்.

அதைக் கொண்டுவந்தவள் பிரிசில்லா. பத்து வருஷத்துக்கு முன்னால் கம்பெனி வேன் நெல்லிமரத்தூர் வரைதான் வரும். மலையடி வட்டத்துப் பெண்கள் விடியும் முன்னே எழுந்து, ஓடையைக் கடந்து, கொல்லை வரப்புகளில் நடந்து வருவார்கள். ஒரு மழைக்காலத்தில் பாலத்துக்கு மேலேயே தண்ணீர் போய், நான்கு நாள் யாரும் வேலைக்குப் போகவில்லை. பிரிசில்லா அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். அவள் ஏரிக்கொல்லைக்கும் சாமந்திமேட்டுக்கும் வீடு வீடாகப் போய், "கம்பெனிக்கு வர்றீங்களா? வண்டி வீட்டாண்ட வந்தா வர்றீங்களா?" என்று கேட்டாள். ஆள் சேர்த்துக்கொண்டு போய் மேனேஜர் முன்னால் நின்றாள். வேன் நிறைய ஆள் கிடைக்கும் என்றதும் கம்பெனி ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து வேன் மலையடி வட்டத்தில் சர்ச் வாசலில் திரும்பி, சாமந்திமேடு, ஏரிக்கொல்லை, நெல்லிமரத்தூர் என்று ஆள் ஏற்றிக்கொண்டு ஹைவேக்குப் போனது.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருத்தி சாமந்திமேட்டு சங்கீதா. பிரிசில்லாவைவிட மூன்று வயது பெரியவள். அதுவரை அவள் மாடு மேய்த்தாள், கூலிக்குக் களை எடுத்தாள். கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் அவளை உட்காரவைத்து, மெஷினில் தோலை எப்படித் திருப்புவது என்று காட்டிக்கொடுத்தது பிரிசில்லாதான். இரண்டு பேருக்கும் வேனில் பக்கத்துப் பக்கத்து சீட். மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். பிரிசில்லாவின் அம்மா அன்னம்மாள் வைக்கிற கருவாட்டுக் குழம்பு சங்கீதாவுக்கு உயிர். அந்தக் குழம்பைத் தான் சாப்பிடுவது பற்றி சங்கீதா தன் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. பிரிசில்லா சாமந்திமேட்டுக்கு வந்தால் வேப்பமரத்தடியில் நின்றே பேசிவிட்டுப் போவாள். உள்ளே வா என்று சங்கீதா கூப்பிட்டதில்லை. பிரிசில்லா எதிர்பார்த்ததுபோலவும் காட்டிக்கொண்டதில்லை.

பிரிசில்லாவின் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், முதலில் மாசம் ஒருமுறை வந்தான், பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்தான், பிறகு வரவில்லை. அவளும் அம்மாவும் அவள் சம்பளத்தில்தான் இருந்தார்கள். சங்கீதாவின் புருஷன் பிரேம்நாத் தோல் பதனிடுகிற தொட்டியில் வேலை செய்தவன். அந்தத் தொட்டி மூடிவிட்ட பிறகு ஆடு நான்கை வைத்துக்கொண்டு சுற்றினான். மகள் சௌந்தர்யா வேலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் இரண்டாம் வருஷம் படித்தாள்.

ஆடி மாதம் பிறந்தபோது கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. அமெரிக்காக்காரன் வரியைக் கூட்டிவிட்டான், ஆர்டர் வரவில்லை என்று சொன்னார்கள். எந்த வரி, யார் யாருக்குக் கட்டுவது என்பது லைனில் இருந்த யாருக்கும் விளங்கவில்லை. சனிக்கிழமை வேலை இல்லை என்றார்கள். பிறகு வெள்ளிக்கிழமையும் இல்லை என்றார்கள். தைத்து முடித்த மேல்பாகங்கள் அட்டைப்பெட்டிகளில் சுவரோரம் ஏறிக்கொண்டே போயின.

ஒருநாள் மத்தியானம் லைன் சூப்பர்வைசர் நயீம் அகமது சங்கீதாவைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். யாரையும் ஒருமையில் திட்டமாட்டார். வேனில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தினமும் அவருக்குச் சொல்லுகிற பொறுப்பு சங்கீதாவிடம் இருந்தது.

"உக்காரும்மா."

"பரவால்ல சார்."

"உங்க சைடுல பாதி ஆளு போதும்னு மேல சொல்ட்டாங்க. ஆளப் பாத்து நிறுத்தினா ஆயிரம் கேள்வி வரும். ரூட்ட நிறுத்தினா யாரும் கேக்க மாட்டாங்க. வண்டி வராது, நீங்களே வந்துக்கங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சிது." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எந்த ஸ்டாப்ப எடுக்கறதுன்னு என்னக் கேக்கறாங்க. எனக்கு உங்க ஊரப் பத்தி இன்னா தெரியும்? நீ சொல்லு."

"நானா சார்?"

"வேற யாரக் கேக்கறது?"

"யோசிச்சு நாளைக்கு சொல்றேன் சார்."

"சாயந்திரம் மெயில் போடணும்மா."

சங்கீதாவின் தலைக்குள் வேன் போகிற பாதை ஓடியது. ஏரிக்கொல்லையில் பெண்கள் நிறையப் பேர். சாமந்திமேட்டை எடுத்தால் அவளே போய்விடுவாள். சௌந்தர்யாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. எனக்குத் தெரியாது சார், நீங்களே பாத்துக்கங்க என்று சொல்லியிருக்கலாம். பின்னாளில் அந்த வாக்கியத்தை அவள் பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அன்றைக்கு வாயிலிருந்து வந்தது வேறு.

"மலையடி வட்டம் தூரம் சார். ரோடும் மோசம். டீசல் ஜாஸ்தி ஆவும்."

நயீம் அகமது அவளைப் பார்த்தார். "பிரிசில்லா அந்த ஊருதான?"

"ஆமா சார்."

"நல்லா தைக்கிற பொண்ணு."

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். மாற்றிச் சொல்ல இடம் கொடுக்கிறார் என்று சங்கீதாவுக்குப் புரிந்தது. அவள் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, நீ போம்மா," என்றார்.

அன்று சாயந்திரம் வேனில் பிரிசில்லா சங்கீதாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். சாமந்திமேடு வந்ததும் சங்கீதா மெதுவாகத் தோளை விடுவித்துக்கொண்டு இறங்கினாள். "நாளைக்கு குழம்பு கொண்டாறேன்கா," என்றாள் பிரிசில்லா, பாதித் தூக்கத்தில்.

மறுநாள் காலை வேன் ஓடைப் பாலத்தைத் தாண்டவில்லை. டிரைவர் தபரேஸ் சாமந்திமேட்டிலேயே வண்டியைத் திருப்பி நிறுத்தினான். சங்கீதாவும் மற்றப் பெண்களும் ஏறி உட்கார்ந்தார்கள். அப்போது பாலத்துப் பக்கமிருந்து மலையடி வட்டத்துப் பெண்கள் ஆறேழு பேர் அரக்கப்பரக்க வந்தார்கள். முன்னால் பிரிசில்லா. கையில் டிபன் பை.

"இன்னா பாய், ஹாரன் சத்தம் கேட்டுச்சு, வண்டியக் காணோம். ரிப்பேரா?"

தபரேஸ் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஸ்டாப்ப எடுத்துட்டாங்கம்மா. அந்த ஊரு ஆளுங்கள ஏத்தக் கூடாதுன்னு ராத்திரி போன் வந்துச்சு. என் மேல கோச்சுக்காதீங்க."

"ஏத்தக் கூடாதா? நாங்கதான் நடந்து வந்துட்டோமே. சீட்டு காலியாதான இருக்குது?"

"பேஜார் பண்ணாதம்மா. ஏத்தினா என் வேலை போய்டும்."

பிரிசில்லா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். "அக்கா, நீ சொல்லுக்கா. நயீம் சாருக்கு ஒரு போன் போடு."

சங்கீதா கையிலிருந்த போனை இறுகப் பிடித்தாள். "நான் இன்னா பண்றது பிரிசி? மேல சொன்னது," என்றாள். வேன் நகர்ந்தது. பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதில் யாரும் வந்து உட்காரவில்லை.

பிரிசில்லா நெல்லிமரத்தூர் வரை நடந்து, டவுன் பஸ் பிடித்து, ஹைவேயில் ஷேர் ஆட்டோ மாறி கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. வாட்ச்மேனிடம் கெஞ்சினாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நயீம் அகமது கேட்டுக்கு வந்து அவளிடம் பேசினார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

இருட்டுகிற நேரத்தில் பிரிசில்லா சாமந்திமேட்டுக்கு வந்தாள். வழக்கமாக நிற்கிற வேப்பமரத்தடியில் நிற்கவில்லை. நேராக வாசலுக்கு வந்தாள். பிரேம்நாத் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான்.

"எங்க ஊர நீயாக்கா சொன்ன?"

சங்கீதா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"சொல்லுக்கா. வேற யாரு வாயால கேக்கறதவிட உன் வாயால கேட்டுட்டுப் போறேன்."

"தூரம்னு சொன்னேன் பிரிசி. தூரம்தான? எப்படியும் அதத்தான் எடுத்திருப்பாங்க."

"தூரந்தான். அந்தத் தூரத்துக்கு வண்டியக் கொண்டாந்தது யாரு?" பிரிசில்லா கத்தவில்லை. "தூரம்னு மட்டுந்தான் நினைச்சியா, வேற எதாச்சும் நினைச்சியா? பத்து வருஷம் என் சோத்தத் தின்ன. உன் வீட்டு நிலைப்படி எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அய்யோ, அப்படில்லாம் இல்ல பிரிசி. சௌந்தர்யா படிப்பு..."

"எனக்கும் அம்மா இருக்குது."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. உண்மையிலேயே வேறு எதுவும் நினைக்கவில்லையா என்று சங்கீதா அன்றைக்குத் தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்று அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. மூன்று ஊரில் ஒன்றைச் சொல்லவேண்டும் என்றதும் எந்த யோசனையும் இல்லாமல் நாக்கு அந்த ஊருக்குப் போனது. அதுதான் அவளை உறுத்தியது.

பிரிசில்லா இன்னும் சில நாள் முயன்று பார்த்தாள். ஒரு பையன் பால் கேன் ஏற்றிக்கொண்டு போகிற பைக்கில் தொற்றிக்கொண்டு ஹைவே வரை போனாள். நேரத்துக்குப் போக முடிந்த நாளும் உண்டு, முடியாத நாளும் உண்டு. தொடர்ந்து தாமதம் என்று சொல்லி அவளுடைய கம்பெனி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மற்ற பெண்கள் அதுவரைகூடப் போகவில்லை. இரண்டு பேர் செங்கல் சூளைக்குப் போனார்கள். ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூருக்குப் போனது. மற்றவர்கள் நூறுநாள் வேலைக்குக் காத்திருந்தார்கள். வேன் போய்வந்த காலத்தில் தபரேஸிடம் சொன்னால் மாத்திரை வாங்கிவருவான், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஹைவே வரை ஏற்றிக்கொள்வான், நிறைமாத கர்ப்பிணியை முன்சீட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவான். இனி அது எதுவும் இல்லை. மலையடி வட்டத்துக்குள் ஒரு நாலுசக்கர வண்டி வந்து ஒரு மாசம் ஆகியிருந்தது.

புரட்டாசியில் நல்ல மழை. ஒருநாள் காலை, வெளிச்சம் வந்துகொண்டிருந்த நேரம், சங்கீதா தலை வாரிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பிரிசில்லாவின் பெயரைப் பார்த்ததும் சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு எடுத்தாள்.

"அக்கா, அம்மாவுக்கு வாய் ஒருபக்கமா இழுத்துக்கிச்சுக்கா. கையத் தூக்க முடில. பேச்சு வர்ல." பிரிசில்லா மூச்சு வாங்கினாள். "ஆம்புலன்ஸுக்குப் போட்டேன். ஹைவேல ஆக்சிடென்டாம், அங்க போயிருக்குதாம், ஒரு மணி நேரம் ஆவும்ங்கறாங்க. இன்னிக்கு ஒருநாள் வண்டிய இங்க அனுப்புக்கா. ஹைவே வரைக்கும் போதும். உன் காலப் புடிச்சுக்கறேன்."

"இரு, இரு. வண்டி வந்துருச்சு. இப்பவே பேசறேன்."

சங்கீதா ஓடினாள். வேன் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவள் தபரேஸிடம் விஷயத்தைச் சொன்னாள்.

தபரேஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "யா அல்லா. அந்த ஆயா எனக்கு எத்தன தபா மோர் குடுத்திருக்குது." கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த சின்னக் கருப்புப் பெட்டியைக் காட்டினான். "ஜிபிஎஸ் மாட்டிட்டாங்க. ரூட்டு மாறினா உடனே போன் வரும். அது வரட்டும், நான் எதாச்சும் சொல்லிக்கறேன். ஆனா போய்ட்டு வர அரைமணி நேரம் ஆவும். இவங்கல்லாம் லேட் ஆவாங்க. எல்லாரும் சரின்னா நான் திருப்பறேன்."

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். கடைசியில் அமிர்தவள்ளி என்கிற நடுவயதுக்காரி பேசினாள். அவள் கெட்டவள் இல்லை. வீட்டில் காலில் புண்ணோடு படுத்திருக்கிற புருஷன் அவளுக்கு.

"கேட் சாத்திட்டா யாரு பதில் சொல்றது? ஏற்கனவே ஆள எடுக்க சாக்கு தேடினு இருக்காங்க. இன்னிக்கு பத்து பேரு லேட்டா போனா, நாளைக்கு இந்த ஸ்டாப்பும் போய்டும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

எல்லோரும் சங்கீதாவைப் பார்த்தார்கள். வேனில் அவள் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. போலாம் பாய், திருப்புங்க என்று அவள் சொல்லியிருந்தால் அமிர்தவள்ளி முணுமுணுத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாள். சங்கீதாவுக்கும் அது தெரியும். அவள் வாயைத் திறந்தாள். நாளைக்கு இந்த ஸ்டாப்பும் போய்விடும் என்ற வார்த்தை காதிலேயே நின்றது.

"நான் இறங்கிக்கறேன்," என்றாள். "நீங்க போங்க."

வேன் போய்விட்டது. அவள் திரும்பி வீட்டுக்கு ஓடி பிரேம்நாத்தை எழுப்பினாள். அவனுடைய டிவிஎஸ் ஐம்பதை உதைத்து உதைத்துக் கிளப்புவதற்கே நேரமானது. பாலத்தின் மேல் முந்தின நாள் மழையின் சேற்றில் டிவிஎஸ்ஸின் சின்னச் சக்கரம் வழுக்கியது. இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்தார்கள்.

அன்னம்மாளை பிரிசில்லா சர்ச் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, விழாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி நான்கைந்து கிழவர்கள். வேன் வரும் என்று நினைத்து அம்மாவுக்குத் தலை சீவி, நல்ல புடவை சுற்றி வைத்திருந்தாள். டிவிஎஸ்ஸைப் பார்த்தாள். சங்கீதாவைப் பார்த்தாள். அம்மாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

பிரேம்நாத் ஓட்ட, நடுவில் அன்னம்மாள், பின்னால் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிரிசில்லா. அன்னம்மாளின் வலது கால் தொங்கித் தரையில் இழுபட்டது. சங்கீதா தன் துப்பட்டாவால் அந்தக் காலை வண்டியோடு சேர்த்துக் கட்டிவிட்டுக் கூடவே ஓடினாள். பாலத்தில் இறக்கித் தூக்கிக் கடந்தார்கள். நெல்லிமரத்தூரில் ஒரு ஆட்டோ கிடைத்தது. ஹைவேயில் எதிரே வந்த ஆம்புலன்ஸுக்கு மாற்றினார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது.

சின்ன வயசு டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "எப்ப ஆரம்பிச்சுது?"

"பொழுது விடியறதுக்கு முன்னாடி," என்றாள் பிரிசில்லா.

"ரத்தக் கட்டிய கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. குறிப்பிட்ட நேரத்துக்குள்ள போட்டாத்தான். இப்ப அந்த நேரம் தாண்டிருச்சும்மா. உயிருக்கு ஆபத்து இல்ல. கை கால் எவ்ளோ திரும்பும்னு போகப் போகத்தான் தெரியும்."

"எவ்ளோ நேரம் தாண்டிருச்சு?"

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி எதற்கு என்று புரியவில்லை. "கொஞ்ச நேரந்தான்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அந்தக் கொஞ்ச நேரம் எது என்று பிரிசில்லாவுக்கும் தெரியும், சங்கீதாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் வார்டு வராந்தாவில் சுவரில் சாய்ந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கீதா பன்னும் டீயும் வாங்கிவந்து வைத்தாள். டீ ஆடை படிந்து ஆறிப்போனது.

"வண்டி ஏன் வர்ல?" என்று பிரிசில்லா கேட்டாள்.

"எல்லாருக்கும் லேட் ஆவும்னு..."

"தபரேஸ் பாய் மாட்டேன்னாரா?"

சங்கீதா தபரேஸ் மேல் பழியைப் போட்டிருக்கலாம். "இல்ல. அவரு வர்றேன்னாரு. நான்தான் சொல்லல," என்றாள்.

பிரிசில்லா எழுந்து வார்டுக்குள் போனாள்.

அன்னம்மாளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது பக்கம் முழுக்கச் செத்துப்போயிருந்தது. பேச்சு குழறியது. மகள் பெயரைக்கூடச் சொல்ல வரவில்லை. பிரிசில்லா இனி எங்கேயும் வேலைக்குப் போக முடியாது என்று ஆனது. வீட்டில் இருந்த ஒரே மாட்டை விற்றாள். ஓசூருக்குப் போன குடும்பம் அவளையும் கூப்பிட்டது. படுத்த படுக்கையாக இருக்கிற அம்மாவோடு எந்த லைன் வீட்டில் இடம் கொடுப்பார்கள்?

கம்பெனி இல்லாத நாட்களில் சங்கீதா மலையடி வட்டத்துக்கு நடந்து போக ஆரம்பித்தாள். யாரும் கூப்பிடவில்லை. போவாள், அன்னம்மாளைப் புரட்டிப்போட்டு முதுகு துடைப்பாள், துணியை அலசிப் போடுவாள், கஞ்சியை ஸ்பூனால் ஊட்டுவாள். கஞ்சி கடைவாயில் வழியும். துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவாள். பிரிசில்லா அவளை வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை. இவள் வந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். சாமந்திமேட்டில் சிலர் இதைப் பற்றிப் பேசினார்கள். அந்த வீட்டுக்குப் போய் எல்லாமும் செய்கிறாளாம் என்று சங்கீதாவின் மாமியார் காதுவரை வந்தது. சங்கீதா அதைக் கண்டுகொள்ளவில்லை. எப்போதோ செய்திருக்கவேண்டிய காரியம், செய்தும் பிரயோஜனமில்லாத நேரத்தில் சுலபமாக இருந்தது.

தீபாவளிக்கு நான்கு நாள் லீவு விட்டார்கள். லீவு முடிந்து வேன் வரவில்லை. சங்கீதாவும் அமிர்தவள்ளியும் மற்றவர்களும் டிபன் பையோடு ரோட்டோரம் நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். கடைசியில் சங்கீதா தபரேஸுக்குப் போன் போட்டாள்.

"உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றான் அவன். "அந்த லைனையே மூடிட்டாங்கம்மா. என்னையும் வேணாம்னுட்டாங்க. நான் பெங்களூர்ல ஸ்கூல் வண்டி ஓட்ட வந்துட்டேன்."

நயீம் அகமதுவுக்குப் போட்டாள். அவரையும் நிறுத்திவிட்டார்கள். "ஆர்டர் வந்தா மொதல்ல உன்னத்தான் கூப்பிடச் சொல்லியிருக்கேன்," என்றார். அதை யாரிடம் சொல்லியிருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. அவர் குரலிலும் நம்பிக்கை இல்லை. அமிர்தவள்ளி ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

சங்கீதா வீட்டுக்குப் போகாமல் மலையடி வட்டத்துக்கு நடந்தாள். பிரிசில்லா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"எங்களயும் நிறுத்திட்டாங்க பிரிசி."

"தெரியும். காலைல ஹாரன் சத்தம் கேக்கல."

நல்லா வேணும் என்று பிரிசில்லா சொல்லுவாள் என்று சங்கீதா எதிர்பார்த்து வந்திருந்தாள். சொன்னால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். பிரிசில்லா சொல்லவில்லை. விறகை அடுக்கினாள். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீ அன்னிக்கு எங்க ஊரச் சொல்லலன்னா மட்டும் இன்னா ஆயிருக்கும்? இன்னும் ரெண்டு மாசம் நானும் சம்பளம் வாங்கியிருப்பேன். இன்னிக்கு உன்கூட ரோட்டுல நின்னிருப்பேன். அவ்ளோதான். நான் அத எப்பவோ விட்டுட்டேன்." அவள் வீட்டுக்குள் பார்த்தாள். உள்ளே அன்னம்மாள் ஏதோ குழறுகிற சத்தம் கேட்டது. "ஆனா அத்தோட நிக்கலயே."

"நான் இன்னா செய்யணும்னு சொல்லு. செய்றேன்."

"ஒண்ணும் செய்ய வேணாம். நீ வந்து வந்து தொடைச்சு விட்டுட்டுப் போற. உனக்கு மனசு லேசாவுது. எனக்கு ஒவ்வொரு தபாவும் அந்தக் காலைதான் ஞாபகம் வருது. நாற்காலில உக்கார வச்சிக்கினு ரோட்டப் பாத்துக்கினு இருந்தேனே, அது." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். "நாளைலேர்ந்து வராதக்கா."

சங்கீதா நின்றாள். உள்ளே போய் அன்னம்மாளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. பாலம் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். யாரும் பின்னாலிருந்து கூப்பிடவில்லை.

மறுநாள் அவள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

கார்த்திகையில் சௌந்தர்யா படிப்பை நிறுத்திவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கிற கம்பெனியில் சேர்ந்தாள். ஹாஸ்டலும் சாப்பாடும் அவர்களே கொடுத்தார்கள். ஏரிக்கொல்லையில் பாதி வீடுகள் பூட்டிவிட்டன. டவுன் பஸ்ஸில் ஏறுகிறதற்கு ஆள் இல்லை என்று காலை நடையையும் நிறுத்தப்போவதாக நெல்லிமரத்தூர் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சங்கீதா மறுபடி கூலிக்குப் போனாள். கடலைக்காய் பிடுங்குகிற வேலை. குனிந்து நிமிரப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் முதல் வாரம் இடுப்பு ஒடிந்தது.

மாசி மாதம் அன்னம்மாள் செத்துப்போனாள். சங்கீதாவுக்கு அது மறுநாள் கொல்லையில் வேலை செய்கிற இடத்தில்தான் தெரிந்தது. மலையடி வட்டத்தில் பெட்டியைத் தூக்க ஆம்பிளைகள் போதாமல், நெல்லிமரத்தூரிலிருந்து இரண்டு பேரைக் கூலிக்குக் கூட்டிப்போனார்களாம். அவள் கைமண்ணைத் தட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். எழுந்து போகலாமா என்று யோசித்தாள். வராதக்கா என்று சொன்ன குரல் காதில் இருந்தது. கொல்லைக்காரர் அந்தப் பக்கமிருந்து, "இன்னாம்மா, உக்காந்துட்ட? இன்னும் நாலு சால் இருக்குது," என்றார். அவள் எழுந்து அடுத்த செடியைப் பிடுங்கினாள்.

பிரிசில்லா ஒரு வாரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கே போனாள் என்று சாமந்திமேட்டில் யாருக்கும் தெரியவில்லை. திருப்பூர் என்று ஒருத்தி சொன்னாள், ஓசூர் என்று இன்னொருத்தி சொன்னாள்.